பதினான்கு முறை கேட்ட கேள்வி

மார்ச் 4, செவ்வாய்

பள்ளி அறிவியல் கையேட்டின் இரண்டாம் மெய்ப்பு முடிந்தது. ‘ஒளிச்சேர்க்கை’யில் ஒற்று விட்டுப்போன இடம் ஒன்பது. பதிப்பகத்தில் பக்கம் வடிவமைக்கிற ‘கமா’வுக்கும் எனக்கும் வழக்கமான சண்டை. எதைக் கொடுத்தாலும் “கமா போடவா, வேண்டாமா மேடம்?” என்று கேட்டே பெயர் வாங்கிய மனுஷன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் என் ஓரகத்தி. கையில் பெரிய காகித உறை. அலுவலகத்திலிருந்து நேராக வந்திருக்கிறாள் போல, கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு. எட்டு வருஷமாகத் தொலைபேசி எடுக்கிற வேலை.

“அக்கா, சிரிக்கக் கூடாது. ஒரு கதை எழுதிட்டேன். கொஞ்சம் பெரிசு. நீங்கதான் இதுல பழம் தின்னு கொட்டை போட்டவங்க. சும்மா பாருங்க.”

இருநூற்றுப் பத்துப் பக்கம். சின்னவளா? மளிகைப் பட்டியலில்கூடப் பிழை விடுகிறவள்! வாங்கி வைத்தேன். என்னிடம் எல்லோரும் கதை கொடுக்கிறார்கள். நான் எழுதிய இரண்டு நாவல்களை மட்டும் யாரும் கேட்பதில்லை.

மார்ச் 6, வியாழன்

மதிய இடைவேளையில் சும்மா ஒரு பத்துப் பக்கம் பார்க்கலாம் என்று பிரித்தேன். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே மூடி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

முடித்துவிட்டேன்.

நன்றாக இருக்கிறது.

இந்த ஒரு வரியை எழுத எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

மார்ச் 9, ஞாயிறு

என்ன செய்திருக்கிறாள் என்று நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். தொழில் இதுதானே.

நாலு மாடிக் கட்டடம். நாற்பத்தெட்டுக் குடும்பம். கீழே முற்றத்தில் ஒரே ஒரு குழாய். முதலில் தினமும் தண்ணீர், அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாள், அப்புறம் வாரம் ஒரு முறை. கதை அவ்வளவுதான். கொலை இல்லை, தீவைப்பு இல்லை. ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வதுகூட இல்லை. வரிசையில் வைத்த வாளிகள்தான். ஆள் போய்விடுவார், வாளி நிற்கும். வாளி நின்றால் ஆள் நிற்கிற மாதிரி.

ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: “இது யார் வாளி?”

முதல் முறை கீழ்வீட்டுக்காரி கேட்கிறாள். மூன்றாம் மாடிக் கர்ப்பிணியுடையது என்று தெரிந்ததும், தானே நிரப்பி மாடி வரை கொண்டுபோய் வைக்கிறாள். இரண்டாம் முறை அதே கேள்வி, நிரப்புகிறாள், ஆனால் கீழேயே விட்டுவிடுகிறாள். ஐந்தாம் முறை கேட்டுக்கொண்டே காலால் ஒதுக்குகிறார்கள். ஒன்பதாம் முறை வாளிகள் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கின்றன. பூட்டைக் கல்லால் தட்டிக்கொண்டே ஒருவர் கேட்கிறார். பன்னிரண்டில் அது சுவரில் ஒட்டிய தாளில் இருக்கிறது. கேள்விக்குறி இல்லாமல்.

பதினான்காவது, கடைசிப் பக்கம். பட்டப்பகலில் திடீரென்று தண்ணீர் வருகிறது. பார்க்க வந்த அலுவலக ஊழியர் குழாயடியில் நிற்கிறார். ஒரே ஒரு வாளி. நிரம்பி வழிகிறது. நாற்பத்தெட்டுக் கதவும் சாத்தியிருக்கிறது. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஆள் இருப்பது அவருக்குத் தெரிகிறது. “இது யார் வாளி?” என்கிறார். ஒரு கதவும் திறக்கவில்லை.

முடிந்தது.

வார்த்தை மாறவே இல்லை. கேட்கிறவர்கள்தான் மாறிக்கொண்டே போகிறார்கள். ஒரு ஊர் எப்படிச் சீரழிகிறது என்பதை அவள் எங்கேயும் சொல்லவில்லை. வாளியை எண்ண வைத்துவிட்டாள். நான் என்ன செய்தேன்? என் இரண்டாவது நாவலில் கலவரத்துக்காக நானூறு பக்கம் எழுதினேன். நெருப்பு, ரத்தம், ஓலம், மேடைப்பேச்சு மாதிரி வசனம். படித்தவர்கள் பதினேழு பேர். அதில் ஆறு பேர் சொந்தக்காரர்கள்.

எனக்கு ஏன் இந்த வாளி தோன்றவில்லை? குழாயடியில் நானும்தானே நின்றேன், கல்யாணமான புதிதில்?

மார்ச் 10, திங்கள்

இவர் படித்துக்கொண்டிருக்கிறார். என் வீட்டுக்காரர்! தம்பி மனைவி எழுதியதாம், பார்க்கலாமே என்று எடுத்தவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. என் முதல் நாவலில் முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு பேருந்துச் சீட்டை அடையாளம் வைத்தார். பதினொரு வருஷமாக அந்தச் சீட்டு அங்கேயே பயணம் செய்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் குளியலறை வாசலில் நின்று, “இது யார் வாளி?” என்று ராகம் போட்டுக் கேட்டார். விளையாட்டுக்குத்தான். கேட்டு முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. வாளியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

என் வரி ஒன்றாவது இந்த மனுஷனைக் குளியலறை வாசல் வரை துரத்தியிருக்கிறதா?

வயிறு எரிகிறது. எரிகிறது என்றால் எரிகிறதுதான், உவமை இல்லை. மோர் குடித்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன்.

பழைய இலக்கணத்தில் நூலுக்குப் பத்துக் குற்றம் சொல்லியிருக்கிறது. அதில் ஒன்று கூறியது கூறல். ஓரத்தில் அழகாக எழுதினேன்: கூ.கூ. பதினான்கில் பதினொன்றை அடித்தேன். மீதி மூன்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டாமே என்று ஒன்றை “இந்தப் பாத்திரத்துக்குச் சொந்தக்காரர் யார்?” என்று மாற்றினேன். வாளி என்ற சொல் அளவுக்கு மீறி வருகிறது. பக்கெட், பாத்திரம், தொட்டி என்று பிரித்துப் போட்டேன். சங்கிலியும் பூட்டும் மிகை. எடுத்தாயிற்று.

ஒரு இடத்தில்கூட நான் தயங்கவில்லை. அதுதான் ஆச்சரியம். முப்பது வருஷப் பழக்கம், பேனா தானாக ஓடியது. ஒவ்வொரு அடித்தலுக்கும் என்னிடம் நியாயம் இருந்தது. யார் வந்து கேட்டாலும் விளக்கம் சொல்லியிருப்பேன்.

அப்படியானால் அதே புத்தகத்தில் அடுக்குத்தொடரும் இருக்கிறதே? பயத்தில், அவசரத்தில், துக்கத்தில் ஒரு சொல் இரண்டு மூன்று முறை வரலாம் என்று? தீ தீ என்று கத்துகிறவனிடம் போய் ஒரு தீ போதும் என்று சொல்வோமா?

இதை ஏன் இப்போது எழுதுகிறேன். பேசாமல் இரு.

மார்ச் 17, திங்கள்

கொடுத்துவிட்டேன். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். சிவப்பைப் பார்த்து முகம் விழும், சண்டை போடுவாள், “முடியாதுக்கா” என்பாள் என்று நினைத்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

“இவ்வளவு உக்காந்து பாத்திருக்கீங்களேக்கா! எனக்கு என்ன தெரியும். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சை.

மார்ச் 23, ஞாயிறு

நாலு நாள் விடுப்புப் போட்டு எல்லாவற்றையும் மாற்றித் தட்டச்சு செய்துவிட்டாளாம். என் கொழுந்தனார் காய்கறி வாங்க வந்த வழியில் புதுப் பிரதியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

“பழசு?” என்று கேட்டேன்.

“கம்ப்யூட்டர்ல அது மேலேயே திருத்திட்டா அண்ணி. நீங்க கோடு போட்ட பேப்பர பழைய பேப்பர்காரர் எடுத்துட்டுப் போயிட்டார்.”

ஆக, பழையது எங்கும் இல்லை.

அப்புறம் வெண்டைக்காய் என்ன விலை என்று கேட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

முதலாளி மேசையில் வைத்துவிட்டேன். “எங்க வீட்டுப் பொண்ணு எழுதினது. தயவு தாட்சண்யம் வேண்டாம்” என்று சொன்னேன். எவ்வளவு நியாயஸ்தி நான்!

ஏப்ரல் 21, திங்கள்

முதலாளி கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தாலே நல்ல சேதி இல்லை.

“பிழையே இல்லம்மா. ஒண்ணுகூட இல்ல. உயிரும் இல்ல. பாத்திரம், பக்கெட்டு, தொட்டின்னு என்னென்னவோ வருது, எதுவும் மனசுல நிக்கல. ஜனங்க திடீர்னு கெட்டுப் போறாங்க, ஏன் எப்படின்னு ஒண்ணும் தெரியல.” அப்புறம் சிரித்துக்கொண்டே, “தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு நிமிஷம் நீங்கதான் வேற பேருல எழுதிக் குடுத்துட்டீங்களோன்னு நெனச்சேன்” என்றார்.

வெளியே வந்து கமாவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். “தண்ணி வேணுமா மேடம்?” என்று கேட்டார். சிரிப்பு வந்தது. அழுகையும்.

அவளை என் உயரத்துக்குக் குறைத்துவிட்டேன். அதுதானே வேண்டியது? கிடைத்ததா? சந்தோஷமா?

அரை மணி நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எழுத மாட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

சேதியைச் சொல்ல அவள் அலுவலகத்துக்கே போனேன். வீட்டில் சொல்லத் தைரியம் இல்லை.

நீளமான அறை. பச்சைச் சுவர். எட்டு மேசையில் ஆறு காலி. ஆளை எடுக்காமலே விட்டுவிட்டார்களாம். இவளும் காது கேட்காத ஒரு குமாஸ்தாவும் மட்டும். காது கேட்காதவருக்குப் புகார்ப் பிரிவு! “அவர்தான்க்கா நிம்மதியா வேலை பாக்கறார்” என்றாள். எனக்கு ஒரு முக்காலி இழுத்துப் போட்டாள். பேச ஆரம்பிப்பதற்குள் தொலைபேசி.

“புகார் பதிஞ்சாச்சுங்க.”

வைத்தாள். மறுபடி மணி. “புகார் பதிஞ்சாச்சுங்க.” அரை மணி நேரத்தில் ஆறு முறை. ஒரு பெரியவருக்கு, கட்டிலில் போர்வையை இழுத்து விடுகிற மாதிரி சொன்னாள். கத்துகிறவனுக்கு, கதவில் தாழ் போடுகிற மாதிரி. ஒரு பெண் அழுதாள். அவளுக்குச் சொல்லும்போது இவளுக்கே குரல் கம்மியது. ஆறும் அதே இரண்டு வார்த்தைகள். எழுத்துக்கூட மாறவில்லை.

நான் கரையில் நின்று இலக்கணம் பேசினேன், இவள் நீந்திக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது.

“தினமும் இதேதானா?”

“இதேதான்க்கா. ஆனா கேக்கறவங்க மாறிட்டாங்க. நான் சேந்த புதுசுல ‘எங்க தெருவுக்குத் தண்ணி வரல’ன்னு கேப்பாங்க. தெருவுக்கே சேத்து ஒரே ஆள் கேப்பார். நாலஞ்சு வருஷம் போச்சு. ‘எங்க வீட்டுக்கு வரல’ன்னு ஆச்சு. இப்ப என்ன கேக்கறாங்க தெரியுமா? ‘பக்கத்து வீட்டுக்கு மட்டும் எப்படி வருது?’” பேரேட்டைத் திருப்பிக் காட்டினாள். “மூணையும் ஒரே கட்டத்துலதான்க்கா பதியணும். ‘தண்ணீர் வரவில்லை’. அதுக்கு மேல எழுத எடம் இல்ல. அதனாலதான் வீட்டுக்குப் போய் எழுத ஆரம்பிச்சேன்.”

இதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். நான் இலக்கியக் கூட்டங்களில் இருபது வருஷமாகக் கேட்ட பேச்செல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

சொல்லிவிட்டேன். முதலாளி வேண்டாம் என்றதை முதலில். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். “பரவால்லக்கா. எனக்கு அவ்வளவுதான் வரும்.”

அதைத் தாங்க முடியவில்லை.

“உனக்கு வரலன்னு யாரு சொன்னா? உனக்கு வந்துச்சு. நான்தான் கெடுத்தேன். அது நல்லா இருந்துச்சு, அதனாலதான் வெட்டினேன். ஒவ்வொண்ணா. தெரிஞ்சே.”

புரியவில்லை அவளுக்கு. புரியச் சில நொடி ஆனது. முகத்தில் அது இறங்குவதைப் பார்த்தேன்.

“தெரிஞ்சேவா?”

“ஆமா.”

“ஏன்க்கா?”

“வயித்தெரிச்சல்.”

தொலைபேசி அடித்தது. எடுத்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே, “புகார் பதிஞ்சாச்சுங்க” என்றாள். வைத்தாள்.

“நாலு நாள் லீவு போட்டேன். முதுகு ஒடிய உக்காந்து மாத்தினேன். அக்கா சொன்னாங்கன்னு. ஒவ்வொண்ணு எடுக்கும்போதும் எனக்கு என்னமோ பண்ணுச்சு, இருந்தாலும் எடுத்தேன். அக்கா சொன்னாங்கன்னு.” குரல் உயரவில்லை. “நீங்க போங்கக்கா.”

வந்துவிட்டேன். பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன், இடம் இருந்தும்.

ஏப்ரல் 25, வெள்ளி

இவரிடம் சொன்னேன். “நீயா?” என்றார். அவ்வளவுதான். தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு முன்னறைக்குப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மே 1, வியாழன்

கொழுந்தனார் வீட்டுக்கு மூன்று முறை போன் போட்டேன். அவர்தான் எடுக்கிறார். “குளிச்சிட்டிருக்கா அண்ணி.” எந்நேரமும் குளிக்கிறாள். தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றி எழுதியவள்!

மே 4, ஞாயிறு

கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்று சொல்வதா, மாட்டிக்கொண்டேன் என்று சொல்வதா?

காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஏழாவது முறை யார் கேட்டது என்று மனசு தானாக ஓடியது. இரண்டாம் மாடித் தையல்காரர். கையில் அளவு நாடா. வாளிக்கும் வாளிக்கும் நடுவே இடைவெளியை அளந்துவிட்டுக் கேட்கிறார். எட்டாவது? தையல்காரரின் மாமியார், மாடியிலிருந்து குனிந்தபடி. அதற்கு முந்தின வரி? “வெயில் குழாயின் மூக்கில் காய்ந்துகொண்டிருந்தது.”

எல்லாம் இருக்கிறது! வரி வரியாக, நிறுத்தக்குறியோடு. என் சொந்த நாவலில் ஒரு பத்தி ஒப்பிக்கச் சொன்னால் முழிப்பேன். இவளுடையதை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். யார் இப்படிப் படிப்பார்கள்? அவளை நேசிக்கிறவர்கள்கூட இப்படிப் படித்திருக்க மாட்டார்கள். பொறாமைக்காரியைப் போல ஒரு வாசகி எந்த எழுத்தாளருக்கும் கிடைக்கமாட்டாள்.

மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

மே 11, ஞாயிறு

இரண்டு ஞாயிறும் நடுவில் ஐந்து சாயங்காலமும். புதுப் பிரதியின் பக்கங்களில் பென்சிலால் திருப்பி எழுதினேன். பாத்திரம், பக்கெட், தொட்டி எல்லாம் மறுபடி வாளி ஆயிற்று. சங்கிலி வந்தது. பூட்டு வந்தது. சுவரில் ஒட்டிய தாள் வந்தது. அதில் கேள்விக்குறி போடக் கை போனது, நிறுத்திக்கொண்டேன்.

திரும்ப எழுதும்போதுதான் ஒன்று புரிந்தது. நடுவில் உள்ளவை இல்லாவிட்டால் கடைசிக் கேள்வி வெறும் கேள்வி. ஒரு ஊழியர் விசாரிக்கிறார், அவ்வளவே. பதின்மூன்று முறை கேட்டுக் கேட்டுக் கெட்டுப்போன பிறகு வருவதால்தான், அந்த மனுஷர் நல்லெண்ணத்தோடு கேட்டும் ஒரு கதவும் திறக்கவில்லை. அவர்கள் காதில் விழுவது அவர் கேட்டது இல்லை; முன்னே கேட்டவை எல்லாம். திருப்பிச் சொல்வது சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். அவள் ஒவ்வொரு முறையும் அந்த வரிமேல் ஒரு செங்கல் ஏற்றியிருக்கிறாள்.

மே 12, திங்கள்

கொழுந்தனாரிடம் கொடுத்தனுப்பினேன். கடிதம் எழுதி, கிழித்தேன். மன்னிப்பு என்று எழுதினால் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கட்டு மட்டும் போகட்டும்.

மே 29, வியாழன்

ஒன்றும் இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

சின்னவள் என் அலுவலகத் தொலைபேசிக்கே கூப்பிட்டாள்.

“பதினஞ்சு இருக்கு.”

“என்னது?”

“நான் எழுதினது பதினாலு. நீங்க குடுத்ததுல பதினஞ்சு இருக்கு. நாலாம் மாடிக் கிழவரும் அவர் சம்சாரமும். வீட்டுக்குள்ள ரெண்டு வாளி வச்சிருக்காங்க. அவரு அந்தம்மாகிட்ட, ‘இது யார் வாளி?’ன்னு கேக்கறாரு. இத நான் எழுதல.”

சத்தியமாக அது அவளுடையது என்றுதான் எழுதினேன். “அப்ப… நான்தான் எங்கயோ…”

“நல்லா இருக்குக்கா. படிச்சதும் பகீர்னு இருந்துச்சு. ஆனா எடுத்துட்டேன். என் கதையில வாசப்படி வரைக்கும்தான் உடையுது. உள்ள உடையறதப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அது உங்களுது. நீங்க எழுதுங்க.”

வைத்துவிட்டாள். ‘எப்படி இருக்கீங்க’ இல்லை. ஆனால் ‘அக்கா’ இருந்தது.

ஜூன் 19, வியாழன்

சின்னவள் கதையை நேராக முதலாளிக்கே அனுப்பியிருக்கிறாள். இந்த முறை அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. “இதுக்கு முன்னாடி எனக்கு எதைம்மா குடுத்தீங்க?” என்றார்.

“நான் திருத்தினதை.”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். “போட்டுடலாம். மெய்ப்பு யாரு பாக்கறது?” என்று கேட்டார். ‘அக்கா பார்க்கட்டும், எழுத்துப்பிழை மட்டும்’ என்று சின்னவள் அட்டையிலேயே எழுதி அனுப்பியிருக்கிறாள். ‘மட்டும்’ என்பதன் கீழே இரண்டு கோடு.

சிவப்பில்.

ஜூலை 20, ஞாயிறு

புத்தகம் வந்து பத்து நாள். கமா தன் பிரதியில் கையெழுத்து வாங்கித் தரச் சொல்கிறார். நாளிதழில் பாதிப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். படித்தேன். எரிந்தது. மோர் குடித்தேன். போய்விடும் என்று நினைத்திருந்தேன், போகவில்லை. கூடவே இருந்து தொலையட்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சின்னவளும் கொழுந்தனாரும் மத்தியானம் சாப்பிட வந்தார்கள். அவள் இந்த வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. போன வாரமே நான் எழுதிய நான்கு பக்கத்தைக் கொடுத்திருந்தேன், அந்தக் கிழவரையும் அவர் மனைவியையும் பற்றி. சாப்பாட்டின்போது அதைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

கிளம்பும்போது மடித்த தாள்களைக் கையில் கொடுத்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தியைச் சுற்றி மெல்லிசாகப் பென்சில் வட்டம். கிழவி தன் நாற்பது வருஷத் துக்கத்தை எண்ணிப் பார்க்கிற பத்தி. நான் மிகவும் ரசித்து எழுதியது.

“இது எதுக்குக்கா?” என்றாள். “அந்தம்மா வாளியத் திருப்பிக் கவுத்து வைக்குதே, அதுலயே எல்லாம் வந்துருச்சே.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு புத்தகம் போட்டதும் பாடம் எடுக்க வந்துவிட்டாள்! “பாக்கறேன்” என்று மட்டும் சொன்னேன். பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். இவர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

சாயங்காலம் அந்தப் பத்தியை மூன்று முறை படித்தேன். பாழாய்ப்போனவள், சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

எடுத்துவிட்டேன். ஐந்தாம் பக்கம் ஆரம்பித்திருக்கிறேன்.